மின்விசிறிக்குள் சுழல்வது எது? நிகோலா டெஸ்லா உண்மையில் கண்டுபிடித்தது

சில மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டுக் கூடத்து மின்விசிறி, சுவிட்சைப் போட்டதும் ‘உம்’ என்று முனகியது, ஆனால் சுற்றவில்லை. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் ஒட்டடைக் கம்பைக் கேட்டு வாங்கி, இறக்கையை வலப்பக்கமாக மெல்லத் தள்ளிவிட்டார். விசிறி அந்தப் பக்கமே சுற்றத் தொடங்கியது. அணைத்து, முழுவதும் நிற்கும்வரை காத்திருந்து, மறுபடி போட்டு இடப்பக்கமாகத் தள்ளினார். இப்போது இடப்பக்கமாகச் சுற்றியது. “கண்டன்சர் போய்விட்டது சார்” என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார்.

தள்ளிய பக்கமெல்லாம் சுற்றுகிற விசிறி. அது ஏன் அப்படி நடந்துகொண்டது என்பது புரிந்துவிட்டால், நிகோலா டெஸ்லா என்ற மனிதர் உலகத்துக்கு என்ன தந்தார் என்பதும் புரிந்துவிடும். டெஸ்லாவைப் பற்றி வாட்ஸ்அப்பில் வலம்வரும் செய்திகளில் இது மட்டும் இருப்பதே இல்லை. மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர், எடிசனால் ஏமாற்றப்பட்டவர், உலகுக்கே இலவச மின்சாரம் தரவிருந்தவர் என்று ஏதேதோ இருக்கும். அவருடைய உண்மையான சாதனை இந்தக் கதைகளைவிட அழகானது. அதைக் கணக்குச் சூத்திரங்கள் இல்லாமல் சொல்லிப் பார்க்கிறேன்.

வாய்க்காலும் ஊஞ்சலும்

கம்பிக்குள் மின்சாரம் இரண்டு விதமாக ஓடலாம். வாய்க்கால் தண்ணீர்போல ஒரே பக்கமாக ஓடுவது நேர்திசை மின்னோட்டம், நாம் டி.சி. என்று சொல்வது. டார்ச் லைட் பேட்டரி தருவது இதுதான். ஊஞ்சல்போல முன்னும் பின்னுமாக ஆடுவது மாறுதிசை மின்னோட்டம், ஏ.சி. நம் வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக்கில் வருவது இந்த வகை. அது வினாடிக்கு 50 முறை போய்த் திரும்புகிறது.

இந்த ஊஞ்சல் மின்சாரத்தை டெஸ்லா கண்டுபிடிக்கவில்லை. சுருளுக்கு அருகே காந்தத்தை அசைத்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் பாரடே லண்டனில் 1831-ல் காட்டிவிட்டார். அடுத்த ஆண்டே பாரிஸில் இப்போலிட் பிக்சி என்ற கருவி வினைஞர், கையால் சுற்றும் காந்தத்தை வைத்து ஒரு மின்னாக்கி செய்தார். அதில் வந்தது மாறுதிசை மின்னோட்டம்தான். டெஸ்லா பிறந்தது 1856-ல், இன்றைய குரோஷியாவில் உள்ள ஸ்மில்யான் கிராமத்தில், ஒரு செர்பியப் பாதிரியார் வீட்டில். அவர் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே ஏ.சி. இருந்தது.

சில்லறையும் நோட்டும்

இருந்தும் அதைப் பெரிதாக யாரும் சீண்டவில்லை. 1882 செப்டம்பரில் தாமஸ் எடிசன் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் தொடங்கிய மின்நிலையம் 110 வோல்ட் டி.சி.தான் கொடுத்தது. ஏறக்குறைய ஒரு மைல் தொலைவுக்கு மேல் அதைக் கொண்டுபோவது கட்டுப்படியாகவில்லை. கம்பியிலேயே மின்சாரம் சூடாகி வீணாயிற்று.

ஏன் என்று பார்ப்போம். பத்தாயிரம் ரூபாயை ஊருக்கு எடுத்துப்போக வேண்டும். ஒரு ரூபாய் நாணயங்களாகக் கொண்டுபோனால் மூட்டை. ஐந்நூறு ரூபாய் நோட்டுகளாக என்றால் சட்டைப்பை. தொகை ஒன்றுதான்; தூக்குகிற சுமை வேறு. மின்சாரத்தில் வோல்ட் என்பது நோட்டின் மதிப்பு. ஆம்பியர் என்பது எண்ணிக்கை. இரண்டையும் பெருக்கி வருவதுதான் வாட், அதாவது மொத்தத் தொகை. கம்பியைச் சூடாக்குவது ஆம்பியர் மட்டுமே. அதுவும் ஆம்பியர் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். பத்தாயிரம் வாட்டை 100 வோல்ட்டில் அனுப்பினால் 100 ஆம்பியர் வேண்டும். பத்தாயிரம் வோல்ட்டில் அனுப்பினால் ஒரே ஒரு ஆம்பியர் போதும். அதே கம்பியில் இழப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

ஆனால் பெரிய நோட்டை வீட்டு வாசலில் சில்லறையாக மாற்றித் தர ஆள் வேண்டுமே? அந்த வேலையைச் செய்வது தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மர். மாறுகிற மின்சாரம் இருந்தால்தான் அது இயங்கும், டி.சி.யை அன்று அப்படி மாற்ற வழியில்லை. நடைமுறைக்கு உகந்த டிரான்ஸ்பார்மரை 1885-ல் ஹங்கேரியின் மூன்று பொறியாளர்கள் செய்தார்கள். 1886-ல் வில்லியம் ஸ்டான்லி அமெரிக்காவின் கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூருக்கு அதைக்கொண்டு விளக்கேற்றிக் காட்டினார். இதிலும் டெஸ்லா இல்லை.

(இன்று மின்னணுவியல் வளர்ந்து டி.சி.யையும் உயர்ந்த வோல்ட்டுக்கு மாற்ற முடிகிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 800 கிலோவோல்ட்டில் டி.சி. மின்சாரமே வருகிறது. எடிசன் அடியோடு தவறு என்று பேசுபவர்கள் இதையும் நினைவில் வைக்கலாம்.)

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஏ.சி. டெஸ்லாவுக்கு முன்பே இருந்தது. அதை நெடுந்தூரம் கொண்டுபோகவும் வழி பிறந்துவிட்டது. விளக்கு எரிந்தது. ஆனால் அந்த மின்சாரத்தைக் கொண்டு ஒரு சக்கரத்தை ஒழுங்காகச் சுற்ற யாராலும் முடியவில்லை. ஆலை ஓட வேண்டும், தண்ணீர் இறைக்க வேண்டும் என்றால் நல்ல மோட்டார் கிடையாது.

மிக்ஸியின் அடியில் தெரியும் பொறி

இரவில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு மிக்ஸியை ஓடவிட்டு, அதன் அடிப்பக்கக் காற்றுத் துளைகளைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே நீலப் பொறி பறப்பது தெரியும். கொஞ்சம் கருகிய வாடையும் வரும். சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்க இரண்டு கார்பன் துண்டுகள் அதன்மேல் உரசிக்கொண்டே இருக்கின்றன. அவை உரசும் செம்புப் பட்டைகள் நிறைந்த உருளைக்குக் கம்யூட்டேட்டர் என்று பெயர். ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் மின்சாரத்தின் திசையை மாற்றிவிட்டு, சுழற்சி ஒரே பக்கமாக நடக்கும்படி பார்த்துக்கொள்வது அதன் வேலை. பொறி, தேய்மானம், இரைச்சல் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. கார்பன் தேய்ந்துபோய் மிக்ஸி நின்ற அனுபவம் பல வீடுகளில் இருக்கும்.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவனாக இருந்த டெஸ்லா கண்டதும் இதே பொறியைத்தான். பாரிஸிலிருந்து வந்திருந்த, கிராம் என்பவர் வடிவமைத்த டி.சி. எந்திரத்தைப் பேராசிரியர் பெஷல் வகுப்பில் மோட்டாராக ஓட்டிக் காட்டினார். கம்யூட்டேட்டரில் பொறி தெறித்தது. இந்தப் பாகமே இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்று இருபது வயது மாணவன் கேட்டான். பேராசிரியர் அது நடக்கவே நடக்காது என்று ஒரு வகுப்பு முழுவதும் விளக்கினார். டெஸ்லா பெரிய காரியங்கள் செய்யக்கூடும், ஆனால் இதை மட்டும் ஒருநாளும் செய்யமாட்டான் என்றாராம். இதை டெஸ்லாவே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

பேராசிரியர் முட்டாள் இல்லை. ஊஞ்சல் முன்னும் பின்னும் ஆடும். அதைக் கொண்டு சக்கரம் எப்படி ஒரே பக்கமாகச் சுற்றும்? கேள்வி நியாயமானது.

ஓர் உரல், மூன்று உலக்கை

விடை நம் பாட்டிமார் நெல் குத்திய முற்றத்தில் இருக்கிறது. ஓர் உரலைச் சுற்றி மூன்று பெண்கள் நின்று மாற்று உலக்கை போடுவார்கள். ஒவ்வோர் உலக்கையும் மேலும் கீழுமாக மட்டுமே போய்வருகிறது. ஆனால் ஒருத்தியின் உலக்கை உரலில் விழும்போது அடுத்தவளுடையது இறங்கத் தொடங்கியிருக்கும். மூன்றாமவளுடையது மேலே எழும்பிக்கொண்டிருக்கும். யாரும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஆனால் கூரைமேல் ஏறி நின்று கீழே பார்த்தால், ‘தொம்’ என்ற அடி ஒருத்தியிடமிருந்து அடுத்தவளுக்கு, அவளிடமிருந்து மூன்றாமவளுக்கு என்று உரலைச் சுற்றி ஓடுவதுபோல் இருக்கும். மேலும் கீழும் போகும் அசைவுகளிலிருந்து ஒரு சுழற்சி பிறந்துவிட்டது.

ஒரே தாளத்தில் நடக்கும் அசைவுகளில் ஒன்று மற்றதைவிட எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைத்தான் மின்னியலில் பேஸ் வேறுபாடு என்கிறார்கள். செய்தித்தாள்களில் ‘மும்முனை மின்சாரம்’ என்று படிக்கிறோமே, அது இப்படி மூன்று உலக்கைகள் மாறி மாறி விழுவதுபோன்ற மூன்று மின்னோட்டங்கள்தான்.

இப்போது உலக்கைகளுக்குப் பதிலாகக் கம்பிச் சுருள்களை வட்டமாக வைப்போம். மின்சாரம் பாயும் சுருள் காந்தமாகும். ஒவ்வொரு சுருளுக்கும் சற்றே பிந்திய மின்னோட்டத்தைக் கொடுத்தால், முதலில் இந்தச் சுருளில் காந்தம் வலுக்கும், பிறகு அடுத்ததில், பிறகு அதற்கடுத்ததில். சுருள்கள் அசையவில்லை, ஆனால் காந்தத்தின் இழுப்பு வட்டமடிக்கிறது. இதன் பெயர் சுழல் காந்தப்புலம். மூன்று சுருள்தான் வேண்டும் என்பதில்லை. கால் சுற்றுப் பிந்தும்படி இரண்டு இருந்தாலும் போதும்.

டெஸ்லாவுக்கு இது தோன்றியது 1882 தொடக்கத்தில், புடாபெஸ்ட் நகரப் பூங்காவில். நண்பர் சிகெட்டியோடு மாலையில் நடந்துகொண்டிருந்தார். சூரியன் மறையும் நேரம்; மனப்பாடமாக இருந்த ஜெர்மன் கவிதை வரிகளைச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் படம் வரைந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் முன் அவர் விளக்கியதும் ஏறக்குறைய அதே படங்களைத்தான் என்று எழுதுகிறார். மின்சார வரலாற்றில் எனக்கு ஆகப் பிடித்த காட்சி இதுதான்: ஆய்வுக்கூடம் இல்லை, கருவி இல்லை, கையில் ஒரு குச்சி மட்டும்.

தொடாமல் இழுப்பது

காந்தம் வட்டமடிக்கிறது, சரி. நடுவில் இருக்கும் உருளை ஏன் கூடவே சுற்ற வேண்டும்? அதற்கு மின்கம்பி எதுவும் போகவில்லை. அது காந்தமும் இல்லை.

பாரடே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். கடத்தியின் அருகே காந்தம் அசைந்தால் கடத்திக்குள் மின்சாரம் பிறக்கும். இதற்குத் தூண்டல் என்று பெயர். நடு உருளையில் அலுமினியம் அல்லது செம்புக் கம்பிகள் கூண்டுபோலப் பதிக்கப்பட்டிருக்கும். சுற்றிவரும் காந்தப்புலம் அவற்றைக் கடந்துபோகும்போது உள்ளே மின்சாரம் தானே பிறக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் காந்தம். அந்தக் காந்தம் வெளியே சுற்றும் காந்தத்தின் பின்னால் ஓடுகிறது. உரசல் இல்லை, பொறி இல்லை, கார்பன் இல்லை. சுருள்கள் இருக்கும் அசையாத பாகத்தை ஸ்டேட்டர் என்றும், சுற்றும் பாகத்தை ரோட்டார் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது மெல்லிய காற்று இடைவெளி மட்டும். மொத்த எந்திரத்துக்கும் பெயர் தூண்டல் மோட்டார்.

ஒரு நுட்பத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ரோட்டார் காந்தப்புலத்தை எட்டிப்பிடித்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே வேகத்தில் போனால் ரோட்டாரின் பார்வையில் காந்தம் அசையாமல் நிற்கும், அசைவு இல்லையென்றால் தூண்டல் இல்லை, இழுப்பும் இல்லை. ஆகவே அது எப்போதும் சற்றுப் பின்தங்கியே ஓடும். பம்புசெட் மோட்டாரின்மேல் ஆணியடித்திருக்கும் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். பலவற்றில் நிமிடத்துக்கு 1440 சுற்று என்று இருக்கும். உள்ளே காந்தப்புலம் சுற்றுவது 1500. அந்த 60 சுற்றுப் பின்னடைவில்தான் மோட்டாரின் உயிர் இருக்கிறது.

மூன்று கம்பிகளில் எவையேனும் இரண்டை இடம் மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதைக் கிணற்றடியில் நிற்கும் எந்த விவசாயியும் சொல்வார். உலக்கை விழும் வரிசையை மாற்றினால் அடி எதிர்ப்பக்கமாக ஓடும், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் வீட்டு விசிறிக்கு வருவோம். வீட்டுக்கு வருவது ஒருமுனை மின்சாரம். ஒரே ஓர் உலக்கை. அது மேலும் கீழும் போகுமே தவிர, எந்தப் பக்கம் சுற்றுவது என்று சொல்லாது. அதனால் விசிறிக்குள் இரண்டாவதாக ஒரு சுருளை வைத்து, அதற்குப் போகும் மின்னோட்டத்தை ஒரு கண்டன்சர் வழியாக அனுப்பி நேரத்தைத் தள்ளிவைக்கிறார்கள். இரண்டாவது உலக்கை கிடைத்துவிட்டது, சுழற்சி பிறக்கிறது. கண்டன்சர் போனதும் ஒற்றை உலக்கைதான் மிச்சம். விசிறி முனகும், திசை தெரியாமல் நிற்கும். கம்பால் எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே ஓடும்.

சுருக்கமாக: நேரம் பிந்திய மின்னோட்டங்கள் அசையாத சுருள்களில் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புலம் ரோட்டாரில் மின்சாரத்தைத் தூண்டி, தொடாமலே இழுத்துப்போகிறது. டெஸ்லாவின் பெயர் நிற்க வேண்டிய இடம் இதுதான்.

புடாபெஸ்டிலிருந்து நயாகராவுக்கு

டெஸ்லா 1884-ல் நியூயார்க்குக்கு வந்தார். எடிசனின் பட்டறையில் ஏறக்குறைய ஆறு மாதம் வேலை பார்த்து விலகினார். அடுத்துத் தொடங்கிய நிறுவனம் கைவிட்டுப்போக, 1886-87 வாக்கில் கூலிக்குப் பள்ளம் தோண்டினார். பிறகு ஆதரவாளர்கள் கிடைத்தார்கள். 1888 மே மாதம் முதல் தேதி அவருடைய மோட்டாருக்கும் அதற்கான மின்முறைக்கும் காப்புரிமைகள் வெளியாயின. இரண்டு வாரம் கழித்து மின்பொறியாளர்கள் முன் பேசினார். ஜூலையிலேயே தொழிலதிபர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் உரிமைகளை வாங்கிக்கொண்டார். ரொக்கமும் பங்குகளும் போக, மோட்டாரின் ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் 2.50 டாலர் என்பது பேச்சு. 1897-ல் 2,16,000 டாலர் மொத்தத் தொகையோடு அந்தக் கணக்கு முடிந்தது.

இத்தாலியின் டூரினில் கலிலியோ பெராரிஸ் இதே சுழல் காந்தப்புலத்தைத் தனியாகக் கண்டறிந்து, டெஸ்லாவின் பேச்சுக்கு இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தார். இன்று நாம் பயன்படுத்தும் மும்முனை மோட்டாரின் கூண்டு வடிவத்தை 1889-ல் செய்தவர் ஜெர்மனியில் பணியாற்றிய ரஷ்யர் தோலிவோ-தோப்ரவோல்ஸ்கி. இவர்களைச் சொல்வதால் டெஸ்லாவின் பெருமை குறையாது. மோட்டாரை மட்டுமல்ல, மின்னாக்கி, கடத்தும் முறை, மோட்டார் மூன்றையும் ஒரே அமைப்பாகப் பார்த்தவர் அவர்.

1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் மக்கள் கண்டது ஒரு செப்பு முட்டையை. தட்டின்மேல் படுத்துக் கிடக்கும் அது, கீழே இருக்கும் சுருள்களில் மின்சாரம் வந்ததும் உருளத் தொடங்கி, வேகம் கூடக்கூட எழுந்து தன் முனையில் நின்று சுழலும். கயிறு இல்லை, அச்சு இல்லை. சுழல் காந்தப்புலத்தை இதைவிட நேராகக் கண்ணுக்குக் காட்ட முடியாது. 1896 நவம்பரில் நயாகரா அருவியின் மின்சாரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பஃபலோ நகரத்தை எட்டியது. அருவியில் நிறுவிய மின்னாக்கிகள் ஒவ்வொன்றும் 5,000 குதிரைத்திறன், இருமுனை ஏ.சி. மின்சாரம்.

தலையில் ஏற்றப்பட்ட கதைகள்

எடிசனுக்கும் டெஸ்லாவுக்கும் சண்டை என்று சொல்லப்படும் ‘மின்னோட்டப் போர்’ உண்மையில் டி.சி. விற்ற எடிசன் நிறுவனத்துக்கும் ஏ.சி. விற்ற வெஸ்டிங்ஹவுஸுக்கும் நடந்த வணிகப் போட்டி. 1917-ல் டெஸ்லா பெற்றுக்கொண்ட பெரிய விருதின் பெயரே எடிசன் பதக்கம்.

வானொலியைக் கண்டுபிடித்தவர் டெஸ்லாதான் என்று 1943-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்பார்கள். நீதிமன்றம் செய்தது அதைவிடச் சிறியது: மார்க்கோனியின் ஒரு காப்புரிமையில் அலைவரிசை பொருத்துவது பற்றிய உரிமைகோரல்களை, ஆலிவர் லாட்ஜ், டெஸ்லா, ஜான் ஸ்டோன் ஆகியோரின் முந்தைய வேலையைக் காட்டிச் செல்லாது என்றது. வானொலி பலர் கைபட்டு உருவானது.

இலவச மின்சாரக் கதை கொஞ்சம் வருத்தமானது. வங்கியாளர் ஜே.பி. மார்கன் தந்த 1,50,000 டாலரைக் கொண்டு 1901-ல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் வார்டன்கிளிப் என்ற இடத்தில் 187 அடிக் கோபுரம் எழத் தொடங்கியது. கடல்கடந்த செய்தி அனுப்புவதுதான் மார்கனிடம் சொன்ன நோக்கம். கம்பியில்லாமல் மின்திறனையே அனுப்பலாம் என்பது டெஸ்லாவின் ஆசை. அந்த ஆண்டு டிசம்பரில் மார்க்கோனி மிக எளிய கருவிகளைக்கொண்டே அட்லாண்டிக்கைத் தாண்டிச் சமிக்ஞை அனுப்பிவிட்டார். மார்கன் மேற்கொண்டு பணம் தர மறுத்தார். 1917-ல் கோபுரம் இடிக்கப்பட்டது. பணமுதலைகள் நசுக்கிய அதிசயம் என்று அதைச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பூமியையே கம்பியாக்கி உலகெங்கும் மின்திறன் அனுப்பலாம் என்ற அவருடைய கணிப்பு இயற்பியலில் நிற்கவில்லை. நான்கு பக்கமும் பரவும் ஆற்றல் தொலைவு கூடக்கூட மெலிந்துபோகும். மிகச் சரியாக ஒன்றைக் கண்ட அதே மனம், வேறொன்றில் அதே உறுதியோடு தவறியது. அதை மறைத்துத்தான் அவரை மதிக்க வேண்டும் என்பதில்லை.

மின்சாரக் கார் நிறுவனத்தை அவர் தொடங்கவில்லை என்று சொல்ல வேண்டிய தேவையும் இன்று இருக்கிறது. 2003-ல் அமெரிக்கப் பொறியாளர்கள் இருவர் அதைத் தொடங்கி அவர் பெயரை வைத்தார்கள். காரணம் இருந்தது: அதன் முதல் காரில் இருந்தது தூண்டல் மோட்டார்.

கடைசி ஆண்டுகளில் நியூயார்க்கர் ஹோட்டலின் 33-ஆம் மாடியில் 3327-ஆம் எண் அறையில் தனியாக இருந்தார். புறாக்களுக்குத் தீனி போடுவது வழக்கம். 1943 ஜனவரி 7 அன்று, 86 வயதில், அந்த அறையில் இறந்தார். காந்தப்புலத்தின் செறிவை அளக்கும் அலகுக்கு 1960-ல் அவர் பெயரைச் சூட்டினார்கள். ஸ்கேன் மையங்களில் ‘1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ.’ என்று எழுதியிருப்பது அதுதான். அவருடைய சாம்பல் பெல்கிரேடில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில், பொன்முலாம் பூசிய ஓர் உருண்டைக்குள் இருக்கிறது. சிகாகோ முட்டையின் மாதிரி ஒன்றும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எங்கள் வீட்டு விசிறிக்கு எலக்ட்ரீஷியன் போட்டது இரண்டரை மைக்ரோபாரட் கண்டன்சர். சுவிட்சைப் போட்டார். யாரும் தள்ளாமலே, சரியான பக்கமாக அது சுற்றத் தொடங்கியது.